எனக்கில்ல, தெரிஞ்சவங்களுக்கு

அந்தத் தெருவில் நோய் வந்தவர் மருந்துக் கடைக்கு வரமாட்டார். வேறு யாராவதுதான் வருவார்கள். மாமியாருக்குக் கால்வலி என்றால் மருமகள் வருவாள். மருமகளுக்குத் தலைவலி என்றால் அவள் புருஷன் வருவான். புருஷனுக்கு ஏதாவது என்றால் அவனுடைய கூட்டாளி வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, தேவையே இல்லாமல் ஒரு சோப்பு வாங்கி, அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வருவான். தனக்குத்தான் உடம்பு சரியில்லை என்று வாயைத் திறந்து சொல்கிற ஆளைப் பார்ப்பது அபூர்வம். மூக்கு குழாய் மாதிரி ஒழுகிக்கொண்டிருக்கும்போதே, "எனக்கில்ல, தெரிஞ்சவங்க ஒருத்தருக்குச் சளி" என்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சொன்ன பெரிய மனிதர்கள் உண்டு.

கடையை நடத்தியவள் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். மருந்துப் படிப்பு படித்தவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்து அறையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாகக் கடை வைத்தாள். குறுகலான, நீளமான கடை. முன்னால் கண்ணாடி மேடை, பின்னால் கூரை வரைக்கும் மாத்திரைப் பெட்டிகள், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், மூலையில் பிரஷர் பார்க்கிற கருவி, அதன் பக்கத்தில் கால் ஆடுகிற ஒரு ஸ்டூல். அவளுடைய கணவர் கணக்கு வாத்தியார். மருந்து வாடை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி அவர் கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

தெரு அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டது. அவள் டாக்டர் இல்லை. அந்தப் பட்டத்தை அவளுக்குச் சூட்டியது எதிர்ச்சாரியில் தையல் கடை வைத்திருந்த அவளுடைய அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் தங்கையைப் பற்றிச் சொல்ல முடியாது. அம்மா கண்ணை மூடியபோது தங்கைக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயசு. அப்பா இருந்தும் இல்லாத ரகம். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "முதல்ல இவ படிச்சு முடிக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பேச்சை ஓய வைத்தாள். தங்கை டாக்டராக வேண்டும். அக்காவுக்கு இருந்த திட்டம் அது ஒன்றுதான்.

மார்க் வரவில்லை. கொஞ்சம் குறைந்திருந்தாலாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம், நன்றாகவே குறைந்திருந்தது. அக்கா ஒரு வாரம் யாரோடும் பேசாமல் மெஷினை மட்டும் ஓட்டினாள். பிறகு தங்கை மருந்துப் படிப்பில் சேர்ந்தாள். அக்கா தன் திட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை, பேச்சை மாற்றிக்கொண்டாள். முதல் வருஷம், "டாக்டருக்கு அடுத்த படிப்பு படிக்கிறா" என்றாள். படிப்பு முடிகிற சமயத்தில், "டாக்டர் மாதிரிதான்" என்றாள். கடை திறந்த அன்றைக்கு 'மாதிரி'யும் போய்விட்டது.

அதற்கப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. அளவெடுக்க வருகிற பெண்களைத் தோளில் டேப்பை வைத்தபடியே பரிசோதிப்பாள். "என்ன, இருமிக்கிட்டே இருக்க? எதிர்ல போ. என் தங்கச்சி டாக்டர். ஃபீஸ்கூடக் கிடையாது." ஜாக்கெட் தைக்க வந்தவள் கையில் இருமல் மருந்தோடு வீட்டுக்குப் போவாள். தங்கையின் கடைக்கு வந்த கூட்டத்தில் பாதி அந்தத் தையல் கடையிலிருந்து தெருவைக் கடந்து வந்த கூட்டம்தான்.

"நான் டாக்டர் இல்லீங்க" என்று தங்கை எல்லோரிடமும் சொல்லுவாள். சொல்லும்போது சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. "அடக்கமானவங்க" என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்வதானால், அப்படி எடுத்துக்கொள்வது அவளுக்கும் பிடித்திருந்தது. மார்க் ஷீட்டைப் பார்த்து அக்கா பேசாமல் இருந்த அந்த ஒரு வாரத்தை, டாக்டரம்மா என்று யாராவது கூப்பிடும்போது கொஞ்ச நேரம் மறக்க முடிந்தது.

இதற்கு நேர் எதிரான கட்சி ஒன்றும் தெருவில் இருந்தது. அந்தக் கட்சிக்கு அவள் வெறும் கடைக்காரி. கேட்டதைக் கொடுத்துவிட்டுச் சில்லறையைத் தர வேண்டும், அவ்வளவுதான். அதன் தலைவர் ஒரு டாக்சி டிரைவர். நல்ல மனிதர். ஆனால் தும்மல் வந்தாலே ஆன்டிபயாடிக் இல்லாமல் அடங்காது என்று நம்புகிறவர்.

"போன தடவை ஆஸ்பத்திரில ஒரு சிவப்பு மாத்திரை குடுத்தாங்களே, அதக் குடுங்க."

"யாருக்கு?"

"என் தம்பிக்கு" என்று சொல்லித் தும்மினார்.

"எத்தன நாளா இருக்கு? காய்ச்சல் உண்டா? மூச்சு வாங்குதா?"

"நேத்துலேருந்து. காய்ச்சலெல்லாம் ஒண்ணும் இல்ல."

"இது சாதாரண சளி. அந்த மாத்திரை இதுக்கு வேல செய்யாது. தண்ணி நிறையக் குடிச்சு, நல்லாத் தூங்கச் சொல்லுங்க. தானா சரியாயிடும்."

டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஸ்டாக் இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்களேன். எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க?"

நேராகத் தெருமுனைக் கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரர் கேள்வியே கேட்கமாட்டார். டப்பாக்களிலிருந்து ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு என்று பொறுக்கி, காகிதத்தில் மடித்து, "ஒரு வேளைக்கு ஒரு செட்டு" என்று கொடுத்துவிடுவார். எந்த மாத்திரை எதற்கு என்று அவரைக் கேட்டால் அவருக்கே சங்கடம். ஒரு வாரம் கழித்து டிரைவர் வந்து மார்தட்டினார். "பாத்தீங்களா, அங்க வாங்கினேன், ஒரே வாரத்துல போயிடுச்சு."

"வாங்காம இருந்திருந்தாலும் ஒரு வாரம்தாங்க ஆகும்."

"ஆமா, நீங்க விக்காம விட்டதுக்கு இப்படித்தான் சொல்லுவீங்க."

இரண்டு கட்சிக்கும் அவளுடைய கேள்விகள்தான் பிடிக்கவில்லை. டாக்டரம்மா என்று நினைத்தவர்களுக்கு, ஒரு டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்காமல் இத்தனை கேட்கிறாளே என்று சந்தேகம். கடைக்காரி என்று நினைத்தவர்களுக்கு, வீட்டு விஷயத்தையெல்லாம் இவள் எதற்குத் துருவுகிறாள் என்று எரிச்சல். ஆனால் அந்தக் கேள்விகளில்தான் அவளுடைய வேலையே இருந்தது. யாருக்கு, என்ன வயசு, எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், இதற்குள் என்ன போட்டுப் பார்த்தீர்கள். கண்கட்டி, படர்தாமரை, வாய்ப்புண், பூச்சிக்கடி, குழந்தையின் தொடையில் வரும் தடிப்பு, இதற்கெல்லாம் யாரும் ஆஸ்பத்திரியில் போய்க் கால்கடுக்க உட்கார வேண்டியதில்லை. பதில் சரியாக வந்தால் அவளே ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவாள். பதிலில் ஏதாவது உறுத்தினால், "இது என் கையில இல்ல, டாக்டரப் பாருங்க" என்பாள். எது தன் கையில் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை வருஷப் படிப்பும்.

வருகிற பதில் பொய்யாக இருந்தால் அந்தப் படிப்பு எதற்கும் உதவாது. இதை அவள் யோசிக்காமல் இல்லை. ஆனால் பொய் சொல்கிறவர்கள் டிரைவர் மாதிரித் தும்மிக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு அசட்டு தைரியம் இருந்தது.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தது. அக்காவுக்கு யூனிஃபார்ம் வேலை குவிந்து கிடந்தது. மெஷினைச் சுற்றி நீலத் துணியும் வெள்ளைத் துணியும் இடுப்பு உயரத்துக்கு இருந்தன. தையல் கடையில் கழிப்பறை கிடையாது. அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் சுற்றிப் போய், மாடிக்காரர்களிடம் சாவி வாங்க வேண்டும். அதற்கு அலுப்புப்பட்டுக்கொண்டு அக்கா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். சாயங்காலம் வரைக்கும் ஒரு டம்ளர் உள்ளே போனால் பெரிய விஷயம்.

ஒரு மத்தியானம் அக்கா கழுத்தில் டேப்போடு கடைக்கு வந்தாள். வேறு ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"ஏய், ஒரு பொம்பளைக்கு நீர்க்கடுப்பாம். போகும்போதெல்லாம் எரியுதாம். ஏதாவது குடு."

"யாருக்குக்கா?"

"எனக்கில்ல. கடைக்கு வர்ற ஒரு பொண்ணு."

"என்ன வயசு இருக்கும்?"

"இருக்கும், ஒரு இருபத்தஞ்சு முப்பது."

"சுகர் இருக்கா? மாசமா இருக்காளா?"

"சுகரெல்லாம் இல்லடி, சின்னப் பொண்ணு. மாசமாவும் இல்ல."

"காய்ச்சல், குளிர், முதுகுப்பக்கம் வலி?"

"ஒண்ணும் கிடையாது. என்னடி, பொண்ணு பாக்க வந்த மாதிரி கேட்டுக்கிட்டே போற?"

தங்கை சிரித்துக்கொண்டே, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பொட்டலங்கள் கொடுத்தாள். "தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லு. அடக்கி வெச்சிக்கக் கூடாது. ரெண்டு நாள்ல குறையலைன்னாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டர்கிட்டப் போயிடணும். கண்டிப்பாச் சொல்லிடு."

"டாக்டரே டாக்டர்கிட்டப் போகச் சொல்லுது பாரு" என்று சொல்லிவிட்டு அக்கா தெருவைக் கடந்தாள். நடையில் ஏதோ வித்தியாசம் இருந்ததைத் தங்கை கவனிக்கவில்லை. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. மாசாமாசம் அதற்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவளே தங்கைதான். ஆனால் கேள்வி அக்காவைப் பற்றியது இல்லையே.

சில நாள் கழித்து அக்கா மறுபடியும் வந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு இன்னும் சரியாகலையாம். நல்ல ஸ்ட்ராங்கா ஒண்ணு குடு. ஆன்டிபயாடிக்."

"அது டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாதுக்கா. டெஸ்ட் எடுக்கணும். அவள ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு. இல்ல, முதல்ல இங்க நேர்ல வரச் சொல்லு, நான் பேசுறேன்."

"அது வராதுடி. கூச்ச சுபாவம்."

"கூச்சப்பட்டா ஆச்சா?"

அக்காவின் முகம் சிவந்தது. "நான் அவகிட்ட என் தங்கச்சி குணமாக்கிடுவான்னு சொல்லி வெச்சிருக்கேன். என் பேரக் கெடுக்காத. ஒரு மாத்திரை குடுக்க உனக்குத் துப்பில்லையா?"

"இல்ல" என்றாள் தங்கை. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அக்கா விருட்டென்று போய்விட்டாள். அதற்கப்புறம் எதிர்ச்சாரியிலிருந்து யாரும் வரவில்லை. அக்கா கோபித்துக்கொண்டிருக்கிறாள், யூனிஃபார்ம் வேலை முடிந்ததும் தானாக இறங்கி வருவாள் என்று தங்கை விட்டுவிட்டாள். மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் கேட்கிற வரைக்கும் அக்கா நன்றாக இருக்கிறாள் என்றுதான் சின்ன வயசிலிருந்தே அவளுக்குக் கணக்கு.

அன்றைக்கு வெயில் கொளுத்தியது. பிள்ளைகளின் சட்டை வாங்க வந்த ஒரு பெண் தையல் கடையிலிருந்து இறங்கி மருந்துக் கடைக்கு வந்தாள். மேடையில் கையை ஊன்றிக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

"குளிர் காய்ச்சலுக்கு மாத்திரை வேணும். எனக்கில்ல, தெரிஞ்சவங்களுக்கு."

"யாருக்கு? என்ன வயசு?"

அந்தப் பெண் விழித்தாள். "அதெல்லாம் சொல்லிவிடலீங்களே. தெரிஞ்சவங்களுக்குன்னு மட்டும் சொல்லுன்னு உங்க அக்கா சொன்னாங்க. பாவம், இந்த வெயில்ல போர்வையப் போத்திக்கிட்டு நடுங்கிக்கிட்டே தைக்கிறாங்க." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தங்கை கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினாள்.

அக்கா மெஷினில்தான் இருந்தாள். ஃபேனை நிறுத்தியிருந்தாள். தோளைச் சுற்றிப் போர்வை. உதடு வெளுத்துக் கிடந்தது. ஒரு கை துணியைப் பிடித்திருந்தது, இன்னொரு கை விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தது. நெற்றியைத் தொட்டபோது கொதித்தது. வாசலில் நான்கைந்து பெண்கள் யூனிஃபார்முக்காகக் காத்திருந்தார்கள்.

"அந்தக் கூச்ச சுபாவம் நீதானா?"

"சத்தம் போடாதடி. ஆளுங்க இருக்காங்க."

"எரிச்சல் எப்போலேருந்து?"

"எரிச்சலெல்லாம் போயிடுச்சு. முக்குக் கடைல செட்டு வாங்கினேன். ரெண்டு வேளை போட்டேன், பட்டுன்னு நின்னுடுச்சு. மிச்சத்த எடுத்து வெச்சிருக்கேன், அடுத்த தடவைக்கு ஆகும்." ஊசி டப்பாவைக் காட்டினாள். பட்டன்களுக்கு நடுவே, காகித மடிப்பில், உறை இல்லாத மாத்திரைகள். எது என்ன மாத்திரை என்று தங்கைக்குத் தெரியவில்லை. எவ்வளவு படித்தவளாக இருந்தாலும் உறை இல்லாமல், பேர் இல்லாமல் கிடக்கிற மாத்திரையைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும்.

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நீ ஒரு ஊசியப் போட்டு விடு, போதும்."

"என்னால முடியாதுக்கா. இது சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்குன்னு பயமா இருக்கு. எழுந்திரு."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். பல் கிடுகிடுத்தது. "எப்படிடி போவேன்? இத்தன வருஷமா தெரு முழுக்க உன்கிட்ட அனுப்பியிருக்கேன். இப்ப நானே இன்னொரு டாக்டர்கிட்டப் போனா என்ன நினைப்பாங்க? தங்கச்சி டாக்டர், அவகிட்டயே அக்காவுக்கு நம்பிக்கை இல்லன்னு பேச மாட்டாங்களா? உன் பேரு என்ன ஆகும்?"

தங்கைக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இந்தப் பொம்பளை என் பட்டத்தைக் காப்பாற்றுவதற்காகச் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. தானே சிரித்துச் சிரித்து வளர்த்த பட்டம் அது. மெதுவாகச் சொன்னால் அக்கா எழுந்திருக்கமாட்டாள். வாசலில் இருக்கிறவர்கள் காதில் விழாத வரைக்கும் அந்தப் பட்டம் அப்படியேதான் இருக்கும், அக்காவும் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தங்கை வாசலைப் பார்த்துத் திரும்பினாள். சத்தமாகவே சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நான் டாக்டர் இல்ல. டாக்டர் படிப்பு படிக்கல. அதுக்கு எனக்கு மார்க் வரல. நான் மருந்தாளுநர். எது எனக்குத் தெரியும், எது தெரியாதுன்னு எனக்குத் தெரியும். இது எனக்கு மேல. எங்கக்காவ டாக்டர்தான் பாக்கணும்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தங்கை அதற்கு முன் ஒரே ஒரு தடவை, மார்க் ஷீட் வந்த அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறாள். காய்ச்சலைவிட அந்தப் பேச்சுதான் அக்காவை அதிகமாகச் சாய்த்தது போலிருந்தது. மெஷினைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. தங்கை போர்வையோடு சேர்த்து அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

முனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்ற டாக்சி டிரைவர் விஷயத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கதவைத் திறந்தார். வழியெல்லாம் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தங்கை அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்ட கேள்வியெல்லாம் சரியான கேள்வி, எதிரில் நின்று பதில் சொன்னவளின் முகத்தை மட்டும் பார்க்கத் தவறிவிட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது. அன்றைக்கு அக்கா கால்களை ஒட்டி வைத்து நடந்து போனது இப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தவுடனே படுக்கையில் போடச் சொன்னார். சிறுநீரகத்தில் கிருமி ஏறியிருந்தது. சர்க்கரையும் தாறுமாறாக இருந்தது. "என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்று கேட்டார். காகித மடிப்பை நீட்டினாள் தங்கை. அவரும் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பாதியில நிறுத்தினதால கிருமி சாகல, பழகிக்கிச்சோ என்னவோ. டெஸ்ட் வரட்டும், பாத்து மருந்த மாத்தலாம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும்" என்றார். போட்ட முதல் மருந்துக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. டெஸ்ட் வந்து மருந்தை மாற்றும் வரைக்கும் தங்கை படுக்கையின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறந்த வீட்டில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அம்மா என்றாலும் அக்காதான், அப்பா என்றாலும் அக்காதான்.

மருந்து மாற்றிய பிறகு காய்ச்சல் விட்டது. அக்கா கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, முதல் முதலாகப் பேசினாள்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியே."

"வேற வழி தெரியலக்கா."

"எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிற? உனக்கு ஃபீஸ் கட்டினவ நான். என்ன படிப்புக்குக் கட்டினேன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லிக்கிட்டு இருந்த?"

"உன் கடை ஓடணும்னு ஆரம்பிச்சேன். அப்புறம் அப்படிச் சொல்றது நல்லா இருந்துச்சு. அந்த மெஷின்ல உக்காந்து என்னத்தக் கண்டேன்னு நினைப்பு வரும்போதெல்லாம், என் தங்கச்சி டாக்டர்னு யார்கிட்டயாவது சொல்லுவேன். சொன்னா கொஞ்சம் ஆறும்."

தங்கை படுக்கைக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்தாள். இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டாள். "நான் டாக்டராகலன்னு உனக்கு வருத்தமாக்கா?"

"இருந்துச்சு" என்றாள் அக்கா. மழுப்பவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் தங்கை நம்பியிருக்கமாட்டாள்.

"சரி, எரிச்சல்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்கு ஜட்டி மாட்டிவிட்டவடி நான். எனக்கு அங்க எரியுதுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? வாய் வரல." சொல்லிவிட்டு அக்காவுக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததில் விலா வலித்து முகம் சுளித்தாள். தங்கையும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பக்கத்துப் படுக்கைக்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அக்கா வீட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடம் திறந்து பல நாளாகியிருந்தது. பாதி யூனிஃபார்ம்களை வேறு தையல்காரர்கள் தைத்து முடித்திருந்தார்கள். அக்கா மெஷினில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மாடிக்காரர்களிடம் சண்டை போட்டு ஒரு சாவியைத் தன் பேரிலேயே வாங்கி வைத்துக்கொண்டாள். ஆனால் எதிரில் யாரையும் அனுப்பவில்லை. தங்கையைப் பார்த்தால் பேசினாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள், அவ்வளவுதான். கடையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தங்கையின் கடையில் கூட்டம் குறைந்தது. டாக்டரம்மா என்று கூப்பிட்டவர்களுக்கு ஏதோ ஏமாற்றப்பட்ட மாதிரி மனசு. "அப்ப நீங்க வெறும் மருந்துக் கடைதானா?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். டிரைவர் கட்சி வழக்கம்போலத் தெருமுனைக்குப் போனது. டிரைவர் மட்டும் அந்தப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தார், ஆனால் இந்தப் பக்கமும் வரவில்லை. மேடையைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு, எதிரில் அக்காவின் குனிந்த முதுகைப் பார்த்தபடி தங்கை நிற்பாள். ஒரு உண்மையைச் சொல்லி அக்காவைச் சாவிலிருந்து மீட்டாயிற்று. தன்னிடமிருந்து அவளைத் தொலைத்துவிட்டோமோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

ஒரு காலையில் ஒரு சின்ன வயசுப் பெண் தையல் கடையிலிருந்து தெருவைக் கடந்து வந்தாள். கையில் அளவு ஜாக்கெட் வைத்த பை. அந்தத் தெருவுக்குப் புதுசாகக் குடிவந்தவள் போலிருந்தது. மேடையருகே வந்ததும், பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

"எனக்குக் கால் விரல் இடுக்குல ரொம்ப நாளா அரிப்பு. எனக்குத்தான். வீட்டுல இருந்த ஏதோ ஒரு களிம்பப் போட்டேன், அது என்னன்னு தெரியல. அதனாலதான் அதயும் எடுத்துட்டு வந்திருக்கேன்."

தங்கை அவளை வியந்து பார்த்தாள். கேட்க வேண்டிய கேள்வி எல்லாவற்றுக்கும் கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்தது இதுதான் முதல் தடவை.

"யாரு இதெல்லாம் சொல்லச் சொன்னாங்க?"

"எதிர்ல தைக்கிற அக்காதான். அளவெடுக்கும்போது நான் காலச் சொறிஞ்சதப் பாத்துட்டாங்க. அவகிட்டப் போ, ஒண்ணு விடாம உண்மையச் சொல்லு, நான் பொய் சொல்லிட்டுச் சாகக் கிடந்தேன்னு சொன்னாங்க. அவ மருந்து குடுத்தா வாங்கிக்க, வேணாம்னா பேசாமத் திரும்பி வா, டாக்டர்கிட்டப் போன்னா அன்னைக்கே போயிடுன்னாங்க."

தங்கை எதிர்ப்பக்கம் பார்த்தாள். அக்கா நிமிரவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னை டாக்டர்னு சொன்னாங்களா?"

"இல்லீங்களே." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பழக்கமில்லாத சொல்லை ஒவ்வொரு எழுத்தாக நினைவுபடுத்திக்கொண்டு சொன்னாள். "என் தங்கச்சி மருந்தாளுநர்னு சொன்னாங்க. ரொம்பப் பெருமையாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் புரியல. அப்படின்னா என்னங்க?"

"சொல்றேன்" என்றாள் தங்கை. ஸ்டூலை மேடைப் பக்கம் இழுத்துப் போட்டு, அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னாள்.